விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து

சதீஷுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் பழைய டிராக்டர் மாதிரி காலையில் கிளம்ப மறுக்கிறது, வெயில் ஏறியதும் தானாக ஓடுகிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்பாய், நானும் "சரி, சாப்டியா" என்று முடித்துவிடுவேன். முப்பது வருஷமாக நாம் இரண்டு பேரும் பேசியதெல்லாம் அந்த "சாப்டியா"வில்தான் முடிந்திருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாவதில் கணக்கில் விழுந்து, மறுபடி எழுதி மறுபடியும் விழுந்தவன் எழுத்து இது, கொஞ்சம் பொறுமையாகப் படி. உங்க அம்மா ஒரு தடவை படித்துவிட்டாள். நீ யாரிடம் காட்டினாலும் எனக்குக் கூச்சமில்லை. கூச்சப்பட வேண்டிய காலத்தில் கூச்சப்படாமல் இருந்தவனுக்கு இப்போது என்ன கூச்சம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது இது: "கல்யாணத்துக்கு எப்படியும் சரண்யா முன்னாடியே வந்துடுவா. அடுத்த வாரம் புதன்கிழமை நானும் வந்துடறேன். அன்னைக்கே ரிஜிஸ்தர் ஆபீஸ் போயி அவகிட்ட விடுதலை வாங்கிடலாம்பா. பேங்க்ல கேக்கறான். அவகிட்ட பேசிட்டேன், சரின்னுட்டா." ஓசூரில் நீ வாங்கப்போகும் வீட்டுக்கு நம் மேல்வெளி நிலத்தைக் காட்டிக் கடன் வாங்க வேண்டும். அதற்கு நிலம் உன் ஒருவன் பேரில் இருக்க வேண்டும். அதற்குத் தங்கச்சி, தன் பாகம் வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். நீ புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போடுகிற எந்த வீட்டிலும் கேட்பதைத்தான் கேட்டாய். நான் தயங்கியதும், "பொண்ணு வீட்லயே போன வாரம் அவ தம்பிக்கு எழுதிக் குடுத்துட்டாப்பா, இதெல்லாம் சகஜம்" என்றாய். உனக்கு மனைவியாக வரப்போகிற பெண்ணுக்குக் கல்யாணப் புடவை எடுப்பதற்கு முன்னாலேயே அந்தச் சடங்கு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் என் வாயில் வந்தது "பாக்கலாம்பா" என்பதுதான். என் "பாக்கலாம்" உன் காதில் எப்போதும் "சரி" என்றுதான் விழும். இந்தத் தடவை அப்படி இல்லை. சரண்யாவிடம் நான் விடுதலை வாங்கப்போவதில்லை. ஏன் என்று சொல்ல, உன் அஞ்சலை அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கூடப்பிறந்த ஒரே தங்கச்சியைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதி. அந்தப் பாதியும் பொய்.

நீ பிறக்காத காலம். உன் தாத்தா இறந்து கருமாதி முடிந்த மறு மாசம். அஞ்சலைக்குச் சேத்தியாத்தோப்பில் கல்யாணம் ஆகி நாலு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. "ஒரு கையெழுத்து வேணும், வந்துட்டுப் போ" என்று சொல்லி அனுப்பினேன். எதற்கு என்று கேட்காமல் முதல் பஸ்ஸில் வந்து நின்றாள். நான் என் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சென்ட் கூடப் பூசிக்கொண்டு கிளம்பினேன், என்னவோ எனக்குத்தான் பரிசு கொடுக்கப் போகிறார்கள் என்பது போல. ஒரு விதத்தில் அப்படித்தான். பத்திரம் எழுதுகிறவர் மரத்தடி மேசையில் உட்கார்ந்து உரக்க வாசித்தார். எவருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு மனதோடு, எனக்குச் சேர வேண்டியதை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன், இனி இந்தச் சொத்துக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று அஞ்சலை சொல்வதாக எழுதியிருந்தது. தூண்டியவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தேன். ரொக்கமாக அவள் பெற்றுக்கொண்டது ஒரு பட்டுப்புடவை. அதுவும் நான் எடுத்ததில்லை, உங்க அம்மா எடுத்து வைத்தது.

உள்ளே போனோம். சார்பதிவாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அஞ்சலையைப் பார்த்து, "படிச்சுப் பாத்தியாம்மா, சம்மதந்தானா?" என்று கேட்டார். "சம்மதந்தாங்க சார்" என்றேன் நான். "உன்னக் கேக்கலய்யா" என்றார் அவர். ஆபீசே சிரித்தது. அஞ்சலையும் சிரித்தாள். "அண்ணன் சொன்னா சரிதாங்க சார்" என்று சொல்லிவிட்டு, எட்டாவது வரைக்கும் படித்த அந்தக் குண்டு குண்டான எழுத்தில், பக்கத்துக்குப் பக்கம் தன் பெயரை எழுதினாள். அத்தனை பக்கங்களில் அவள் பெயர் இருந்த ஒரே இடம் அதுதான். பிறகு கடலூருக்குப் போய் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஓட்டலில் இலை போட்டுச் சாப்பிட்டோம். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த உன் தாய்மாமன் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "ஒரு சாப்பாடு, ஒரு பொடவ. மச்சான் கெட்டிக்காரருய்யா" என்றார். நான் பெருமையாகச் சிரித்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அஞ்சலை என் பக்கம் குனிந்து கேட்டாள்: "ஏண்ணா, விடுதலைப் பத்திரம்னு போட்டிருக்கே, யாருக்கு விடுதலை? எனக்கா, நெலத்துக்கா?" நான் "எனக்குத்தான்" என்றேன். அதை ஒரு பெரிய ஜோக்காக நினைத்து எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன் தெரியுமா. ஒவ்வொரு தடவையும் ஆண்கள் பந்தியில் நல்ல சிரிப்புக் கிடைக்கும். பரிமாறிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்களா என்று நான் பார்த்ததில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. அவள் தன் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் வந்து போட்ட கையெழுத்து அது. தெரிந்தபிறகு அவர் ஆறு மாசம் அவளோடு பேசவில்லை. தட்டில் சோறு போட்டால் எடுத்துச் சாப்பிடுவார், வார்த்தை கிடையாது. அதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. ஊரார் சொல்லி எனக்குத் தெரியும். தெரிந்தும் போய் என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டால் பத்திரப் பேச்சு வருமே என்று பயம்.

நீ நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது அந்த மாப்பிள்ளை காமாலையில் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு அவர் தம்பிகள், பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு இங்கே என்ன வேலை என்று பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பையோடு அஞ்சலை நம் வீட்டுக்கு வந்தாள். உனக்கு நினைவிருக்கும், உன் ஸ்கூல் சட்டைக்கெல்லாம் பித்தான் தைத்துக் கொடுத்தாளே, அந்த ரெண்டு மாசம். வீட்டில் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் எழுந்திருப்பதற்குள் மாட்டுக் கொட்டகை கூட்டியாகியிருக்கும். சொந்த வீட்டில் இருக்கிறவர்கள் அவ்வளவு வேலை செய்ய மாட்டார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தங்கச்சி சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் நான் ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கரும்பு முற்றி நின்றது, வெட்டுவதற்கு ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வரவில்லை, அந்த எரிச்சல். சட்டைப் பித்தானைப் போடும்போது அஞ்சலை வந்து நின்றாள். "ரேஷன் கார்டுல எம் பேரையும் சேத்துடுண்ணா. அங்க பேர எடுத்துட்டாங்க. ஏதாவது ஒரு கார்டுல பேரு இருந்தாத்தான் விதவைப் பணத்துக்கு எழுதிப் போட முடியுமாம்" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எதுக்கு? நீ என்ன இங்கயேவா இருக்கப் போற?" என்றேன்.

அவ்வளவுதான் சதீஷ். நான் அடிக்கவில்லை, திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அவள் "சரிண்ணா" என்றாள். நான் போய் ஆர்டர் வாங்கிக்கொண்டு வந்தேன். நாலு நாள் கழித்து, அண்ணாமலை நகரில் ஒரு மெஸ்ஸில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்களாம், தங்க அறையும் உண்டாம் என்று சொல்லி அந்த இரண்டு பையையும் எடுத்துக்கொண்டாள். போக வேண்டாம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவை. விருந்துக்கு வந்தவர்களை இன்னும் ஒரு நாள் இருங்களேன் என்று சொல்வோமே, அந்த மாதிரி.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். ஒரு ஆளுக்குச் சோறு போட முடியாத வீடா நம்முடையது? இல்லை. பயம்தான். கார்டில் பேர் ஏறினால் விலாசம் நம் விலாசம் ஆகிவிடும், விலாசம் ஆனால் நாளைக்கு ஏதாவது கேட்பாளோ என்று. பத்திரம் பதிவாகி என் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. அப்படியும் பயம் போகவில்லை. அது எப்படி வந்த பத்திரம் என்று எனக்குத் தெரியுமே.

இப்போது நீ நம்பிக்கொண்டிருக்கும் பொய்க்கு வருகிறேன். அஞ்சலை போனதும் சொந்தத்தில் எல்லாரும் ஒரே முடிவாகச் சொன்னது, நாத்தனாரைத் துரத்திவிட்டாள் என்று. உங்க அம்மாவைத்தான். எனக்கு அது சௌகரியமாக இருந்தது, வாயைத் திறக்கவில்லை. நீ பத்தாவது படிக்கும்போது, பரீட்சை சமயத்தில் டிவியை நிறுத்தியதற்காக அம்மாவோடு சண்டை போட்டாய். அப்போது "அத்தையவே வெரட்டுனவதானே நீ" என்றாய். அம்மா உன்னைப் பார்க்கவில்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைத் திருப்பினேன். அந்தப் பேப்பரில் என்ன இருந்தது என்று சத்தியமாகத் தெரியாது. "பேர சேத்தா என்ன கொறஞ்சிடும் உங்களுக்கு, அவ எங்க போவா" என்று, அஞ்சலை கார்டைப் பற்றிக் கேட்ட அன்று என்னிடம் சண்டை போட்டவள் உங்க அம்மாதான். அவளும் தன் அண்ணன் தம்பிகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள். அஞ்சலையைப் பார்க்கும்போது தன்னையே பார்த்திருப்பாள் போல. இந்த வரியைப் படித்தபோது, "இதையாவது எழுதினீங்களே" என்றாள். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நீ வரும்போது அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது உன் பாக்கி இல்லை, என் பாக்கி. ஆனால் நீயும் ஒரு வார்த்தை பேசினால் நல்லது.

அஞ்சலை இருபது வருஷம் அந்த மெஸ்ஸில் சமைத்தாள். மாணவர்கள் லாட்ஜுகளுக்கு நடுவில், பின்பக்கம் ஒரு அறை. நீ காலேஜில் சேர்ந்து அங்கே போனபோது எனக்கு ஒரு நிம்மதி, அத்தை பார்த்துக்கொள்வாள் என்று. பார் என் புத்தியை, அப்போதும் அவளிடமிருந்து வாங்கத்தான் தோன்றியது. முதல் வருஷம் நான் வந்தபோது அவள் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "சதீஷு நல்லா சாப்புடறாண்ணா. கூட்டாளிங்களோட வந்தா மத்த பசங்க மாதிரியே என்ன அக்கான்னுதான் கூப்புடறான். தனியா வந்தா அத்த. நானும் புரிஞ்சிகிட்டு, என்னா தம்பி வேணும்னு கேட்டுடுவேன்." அதையும் ஒரு ஜோக் மாதிரிதான் சொன்னாள். இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். பதினெட்டு வயசுப் பையன், கூட்டாளிகள் முன்னால் கூச்சம், அதில் குற்றம் காண எனக்கு யோக்கியதை இல்லை. அத்தை என்று கூப்பிட முடியாத இடத்தில் அவளை வைத்தவன் நான். நீ பார்த்து நடந்துகொண்டாய், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் நான் ஒரு சொற்பொழிவாளனும் ஆனேன், சிரிக்காதே. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சங்கத்தில் இருந்தேன் அல்லவா, மகளிர் தினத்துக்கு மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். தமிழ் வாத்தியார் எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தைத் தப்பில்லாமல் வாசித்தேன். ஆணும் பெண்ணும் சமம், சொத்தில் சம உரிமை, சட்டமே சொல்கிறது என்று எல்லாம். கைதட்டினார்கள், ஒரு துண்டு போர்த்தினார்கள். அதே நேரத்தில் என் தங்கச்சி அண்ணாமலை நகரில் இருநூறு சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்திருப்பாள். சட்டம் சொல்வது உண்மைதான். சட்டம் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள நாம் அடிதடி ஒன்றும் செய்வதில்லை. பாசமாக ஒரு தடவை "தங்கச்சி" என்று கூப்பிட்டாலே போதும், கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ என்னைவிட எவ்வளவோ மேல். உன் ரூமில் நீயே சமைக்கிறாய், பாத்திரம் தேய்க்கிறாய், கல்யாணத்துக்கு அப்புறமும் பாதி வேலை என்னுடையது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாய். மகளிர் தினத்துக்கு நீ வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். நானெல்லாம் தண்ணீர்ச் சொம்பைக்கூட எடுத்து வைக்காதவன். ஆனால் அடுப்பங்கரை வரைக்கும் வந்த சமம், ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடுகிறதே, அது ஏன் என்று என்னை நானே கேட்டேன். அங்கே நாம் விட வேண்டியது வேலை இல்லை, நிலம். அதனால்தான்.

போன வருஷம் மெஸ் நடத்துகிற அம்மா போன் செய்தார்கள், அஞ்சலை அடுப்பண்டையிலேயே விழுந்துவிட்டாள் என்று. நான் போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ரெண்டு நாள் நினைவோடு இருந்தாள், நன்றாகப் பேசினாள். "கரும்பு வெட்டியாச்சாண்ணா" என்றுதான் முதலில் கேட்டாள். உன்னைப் பற்றி, சரண்யாவைப் பற்றி, உங்க அம்மாவின் முட்டிவலியைப் பற்றி எல்லாம் கேட்டாள். நான் அந்த ரேஷன் கார்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று ரெண்டு நாளும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரெண்டு நாளும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். பேச்சுக்குப் பேர் போன உன் அப்பன், அந்த ஒன்றைப் பேசத் தெரியாமல் எத்தனை ஆரஞ்சு உரித்தேன் என்று கணக்கில்லை. மூன்றாம் நாள் அவள் இல்லை.

ஆபீஸ் ஜன்னலில் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். சேர்த்த அன்று அவளே கைப்பட எழுதிக் கொடுத்த படிவம், விட்டுப்போன இடங்களை நிரப்பச் சொன்னார்கள். பெயர், வயது, எல்லாம் அந்தக் குண்டு எழுத்து. தற்போதைய விலாசம் என்ற இடத்தில் மெஸ்ஸின் பெயர். நிரந்தர விலாசம் என்ற இடத்தில் ஒரு கோடு. அவள் மறந்து விடவில்லை. நேராக, நிதானமாக, பேனாவை அழுத்தி ஒரு கோடு போட்டிருந்தாள். சொந்தம் என்ற இடத்தில் "அண்ணன்" என்று எழுதி என் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். அண்ணன் உண்டு, விலாசம் இல்லை. ஜன்னலில் இருந்த பெண், "சார், பர்மனென்ட் அட்ரஸ் சொல்லுங்க" என்றாள். நம் வீட்டு விலாசத்தைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்றவர் தோளைத் தட்டும் வரைக்கும் நான் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லையாம்.

ஒரு வருஷமாக நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நீ போனில் "விடுதலை வாங்கிடலாம்பா" என்றதும், உங்க அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மறுநாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். கீழவீதியில் இறங்கி, சரண்யா வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு நடந்தேன். அவள் நர்சரி ஸ்கூலில் இருந்து அப்போதுதான் வந்து, குழந்தைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். "புதங்கெழமைக்கு லீவு சொல்லிட்டேம்பா, ஆதார் கார்டு மட்டும் எடுத்தாந்தா போதுமா?" என்று கேட்டாள். எதற்கு என்று கேட்காமல் அன்று பஸ் ஏறி வந்த இன்னொருத்தியை அவள் முகத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் சொன்னேன், நீ கையெழுத்துப் போட வேண்டாம், நிலத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து எழுதப் போகிறேன் என்று. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம்பா. அப்படிப் பண்ணாதீங்க" என்றாள். ஏம்மா என்றேன். "பாகம் வாங்கிட்டா அண்ணன் எங்கூட பேசுவானா? நாளைக்கு உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒண்ணு ஆயிட்டா, நான் எந்த வீட்டுக்கு வர்றது? எனக்கு நெலம் வேணாம்பா. பொறந்த வூடு இருந்தாப் போதும்." இவள் பி.எட். முடித்தவள், அறுபது குழந்தைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள். அப்படிப்பட்டவள் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அப்படியெல்லாம் ஆகாதும்மா என்று சொல்லிப் பார்த்தேன், அவள் நோட்டிலிருந்து நிமிரவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பஸ்ஸில் வரும்போது எனக்குப் புரிந்தது. பெண்பிள்ளைகள் நிலம் வேண்டாம் என்று கையெழுத்துப் போடுவதில்லை. வாசல் மூடாமல் இருக்கட்டும் என்று போடுகிறார்கள். தன் பாகத்தைக் கொடுத்து, அண்ணன் வீட்டுக்கு வந்து போகிற உரிமையை வாங்கிக்கொள்கிறார்கள். அஞ்சலையும் அதற்குத்தான் போட்டாள். நான் நிலத்தையும் வாங்கிக்கொண்டு, வாசலையும் மூடினேன். வாங்கினதற்கு உண்டானதைக்கூடக் கொடுக்காதவன்.

அதனால் முடிவாகச் சொல்கிறேன். பத்திரம் எழுதுகிறவரிடம் பேசிவிட்டேன். விடுதலைப் பத்திரம் இல்லை, பாகப்பிரிவினை. உனக்குப் பாதி, சரண்யாவுக்குப் பாதி, எங்கள் காலம் வரைக்கும் வருமானம் எங்களுக்கு. உன் பாதியைக் காட்டினால் பேங்கில் குறைவாகத்தான் தருவார்கள், ஓசூர் வீட்டில் ஒரு அறை குறையும், எனக்குத் தெரியும். நீ கோபப்படலாம். கல்யாணச் சமயத்தில் இந்த மனுஷனுக்கு என்ன கிறுக்கு என்று உன் மாமன் வீட்டில் சிரிக்கலாம். புதன்கிழமை நீயும் அவளும் சேர்ந்துதான் கையெழுத்துப் போட வேண்டும், யார் ஒருவர் மறுத்தாலும் நடக்காது. நீ மறுப்பாய் என்று நான் நினைக்கவில்லை. அவள்தான் மறுப்பாள். உன்னை இழந்துவிடுவோம் என்று பயந்துகொண்டு மறுப்பாள்.

அந்தப் பயத்தை என்னால் போக்க முடியாது. நான் அப்பன், சொல்லிப் பார்த்தேன், அவளுக்கு அது செல்லவில்லை. நீ ஒருவன் சொன்னால்தான் செல்லும். பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். பாகம் வாங்கினாலும் நீ என் தங்கச்சிதான் என்று அவள் காதில் விழ வேண்டும், எந்த வார்த்தையில் சொல்வது என்பது உங்கள் இரண்டு பேர் விஷயம். எனக்கு அந்த மாதிரி வார்த்தை வந்ததில்லை, அதனால் கற்றுக்கொடுக்கத் தெரியவில்லை. உன் தங்கச்சி உனக்குப் பயப்படுகிறாள் சதீஷ். உன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள், அதனால் பயப்படுகிறாள். இது உனக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் என் தங்கச்சி விஷயத்தில் தெரியவில்லை.

அவள் ஸ்கூல் விட்டு நாலரைக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அப்போது கூப்பிடு. மீட்டிங் இருந்தால் கொஞ்சம் தள்ளி வை.

அப்பா